அப்டேட்டுக்குப் பிறகு லேப்டாப் எழவில்லையா? பதறாதீங்க!



இந்த முறை நான் எழுத எடுத்துக்கொண்டது சின்ன விஷயம்தான். ஆனால் நம் வீட்டில் நடந்தால் அன்றைக்கு அதுதான் பெரிய விஷயம். ராத்திரி லேப்டாப்பை மூடும்போது, "அப்டேட் செய்துவிட்டு நிறுத்தவா?" என்று அது கேட்கும். சரி என்று அழுத்திவிட்டுப் படுத்துவிடுவோம். காலையில் பட்டனை அழுத்தினால் கறுப்புத் திரை. இல்லாவிட்டால் நீலத் திரை. அதுவும் இல்லாவிட்டால் புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், உள்ளே மட்டும் விடாது. உடனே வீட்டில், "போச்சு, கடைக்குக் கொண்டு போ" என்பார்கள். கடையில், "ஃபார்மட் பண்ணணும்" என்பார்கள்.

ஃபார்மட் என்றால் ஸ்லேட்டை அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவது மாதிரி. லேப்டாப் ஓடும், அது உண்மை. ஆனால் அதற்குள் நாம் சேர்த்து வைத்த போட்டோ, பிராஜெக்ட், சர்டிபிகேட் ஸ்கேன் எல்லாம் போய்விடும். அது கடைசி வழி. அதற்கு முன்னால் நாமே செய்து பார்க்கக்கூடிய வழிகள் பல இருக்கின்றன. அவற்றைத்தான் வரிசையாக எழுதியிருக்கிறேன். பெரும்பாலான வீடுகளில் இருப்பது விண்டோஸ் என்பதால் அதையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

பட்டனை அழுத்தியதும் என்ன நடக்கிறது?

நம் விளையாட்டு விழாவில் தொடர் ஓட்டம் பார்த்திருப்பீர்கள். நாலு பேர். ஒருவர் கையில் இருந்து அடுத்தவர் கைக்குக் கம்பு மாறும். லேப்டாப் எழுவதும் அப்படித்தான்.

முதல் ஆள், மதர்போர்டில் ஒரு சிப்புக்குள் இருக்கும் சின்ன புரோகிராம். பழைய கணினிகளில் அதன் பெயர் பயாஸ், இப்போது வருவதில் யு.இ.எஃப்.ஐ. மெமரி இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா, டிஸ்க் இருக்கிறதா என்று இது சரி பார்க்கும். கம்பெனி லோகோ திரையில் தெரிவது இந்த நேரத்தில்தான்.

இரண்டாம் ஆள், பூட் மேனேஜர். இது டிஸ்க்கில் தனியாக ஒதுக்கிய ஒரு சின்னப் பகுதியில் இருக்கும். எந்த இயக்க அமைப்பை எழுப்ப வேண்டும் என்பது இதற்குத்தான் தெரியும்.

மூன்றாம் ஆள், லோடர். இயக்க அமைப்பின் மையமான கெர்னலையும், டிஸ்க் முதலிய கருவிகளை ஓட்டும் டிரைவர்களையும் மெமரிக்குள் ஏற்றுவது இதன் வேலை. புள்ளிகள் வட்டமாகச் சுற்றுவது இப்போதுதான்.

நாலாம் ஆள் கெர்னல். மற்ற சேவைகளை எல்லாம் எழுப்பிவிட்டு, பாஸ்வேர்டு கேட்கும் திரையைக் கொண்டு வந்து நிறுத்தும்.

கம்பு எந்த ஆளிடம் கீழே விழுந்தது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அப்டேட் எங்கே வந்து இடிக்கிறது?

ஓடுகிற பஸ்ஸில் டயர் மாற்ற முடியுமா? முடியாது. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் முக்கியமான ஃபைல்களை மாற்ற முடியாது. அதனால்தான் லேப்டாப்பை நிறுத்தும்போதும், திரும்ப எழும்போதும் அந்த மாற்றத்தைச் செய்கிறது. "கணினியை அணைக்காதீர்கள்" என்று சதவீதக் கணக்கோடு வருமே, டயர் கழற்றி மாட்டுகிற நேரம் அதுதான். அந்த நேரத்தில் கரண்ட் போய், பேட்டரியும் இல்லையென்றால், பாதி ஃபைல் பழசு, பாதி ஃபைல் புதுசு என்று ஆகிவிடும். புது டிரைவர் ஒன்று நம் மெஷினோடு ஒத்துப்போகாமல் இருந்தாலும் இதே கதிதான்.

இங்கே ஒன்றை நன்றாக மனதில் வையுங்கள். அப்டேட் மாற்றுவது விண்டோஸின் ஃபைல்களை. நாம் எடுத்த படமும் எழுதிய பிராஜெக்ட்டும் வேறு ஃபோல்டரில் இருக்கின்றன. லேப்டாப் எழவில்லை என்பதும், நம் ஃபைல் அழிந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. வீட்டுச் சாவி தொலைந்தால் வீட்டில் இருக்கிற பீரோ காணாமல் போகுமா? அந்த மாதிரிதான்.

முதலில் நோய் என்னவென்று பாருங்கள்

ஒரு விளக்குகூட எரியவில்லை, ஃபேன் சத்தமும் இல்லை என்றால் அநேகமாக அது அப்டேட் கோளாறு இல்லை. சார்ஜரை வேறு பிளக்கில் மாட்டிப் பாருங்கள்.

விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் கேப்ஸ் லாக் பட்டனை அழுத்துங்கள். அதற்கு விளக்கு இருந்து, அது மாறி மாறி எரிந்தால் உள்ளே உயிர் இருக்கிறது, திரைக்குப் படம்தான் வரவில்லை. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு 'பி' எழுத்தை அழுத்தினால் படம் காட்டும் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும். சில சமயம் இதிலேயே திரை வந்துவிடும்.

லோகோ வந்து அதோடு நின்றால், முதல் ஆளிடமோ இரண்டாம் ஆளிடமோ கோளாறு. புள்ளி சுற்றி, நீலத் திரை வந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தால் மூன்றாம், நாலாம் ஆள். பாஸ்வேர்டு போட்ட பிறகு கறுப்புத் திரையில் அம்புக்குறி மட்டும் தெரிந்தால், நாலு பேரும் ஓடி முடித்துவிட்டார்கள், டெஸ்க்டாப்தான் வரவில்லை. கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, அதில் எக்ஸ்ப்ளோரர் என்பதைத் தொடங்கிப் பார்க்கலாம்.

இனி செய்ய வேண்டியவை

ஒன்று: காத்திருங்கள். சதவீதம் முப்பதிலேயே நிற்கிறது என்று பொறுமை இழந்து அணைப்பதால் கெட்டுப்போகும் லேப்டாப் நிறைய. பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள மெஷின் மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். டிஸ்க் விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். சார்ஜரை மாட்டிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

இரண்டு: பென்டிரைவ், மவுஸ், பிரிண்டர் வயர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். செருகியிருக்கும் பென்டிரைவில் இருந்து எழுந்திருக்கப் பார்த்துவிட்டு நின்றுபோகிற லேப்டாப்பும் உண்டு. பிறகு சார்ஜரையும் எடுத்துவிட்டு, கழற்றக்கூடிய பேட்டரியாக இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை அரை நிமிஷம் விடாமல் அழுத்துங்கள். உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். மறுபடி மாட்டி எழுப்பிப் பாருங்கள்.

மூன்று: மீட்புத் திரைக்குப் போங்கள். விண்டோஸ் தொடர்ந்து இரண்டு தடவை எழ முடியாமல் போனால், அடுத்த தடவை தானாகவே ரிப்பேர் திரையைக் காட்டும். காட்டாவிட்டால், லோகோ தெரிந்ததும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால் வரும். சதவீதம் ஓடுகிற நேரத்தில் மட்டும் இதைச் செய்யக் கூடாது. வந்ததும் 'ட்ரபிள்ஷூட்', அதற்குள் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்று போனால் ஒரு மருந்துப்பெட்டியே இருக்கும்.

நான்கு: அந்தப் பெட்டியில் முதல் மருந்து 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்'. பூட் ஆவதற்கு வேண்டிய ஃபைல்களை அதுவே தேடிச் சரிசெய்யும். இதனால் நம் ஃபைலுக்கு ஆபத்து இல்லை.

ஐந்து: 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்'. இதில் இரண்டு வகை உண்டு. மாதா மாதம் வருவது 'குவாலிட்டி அப்டேட்'. அமெரிக்காவில் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுவார்கள், நமக்கு அது ராத்திரி. பெரிய மாற்றத்தோடு எப்போதாவது வருவது 'ஃபீச்சர் அப்டேட்'. கடைசியாக வந்தது எதுவோ அதை நீக்கலாம். ஃபீச்சர் அப்டேட்டுக்குப் பின்வாங்க வழக்கமாக 10 நாள்தான் அவகாசம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு: 'சிஸ்டம் ரீஸ்டோர்'. லேப்டாப் நன்றாக இருந்த ஒரு தேதிக்கு விண்டோஸை மட்டும் பின்னால் கொண்டு போகும். அந்தத் தேதிக்குப் பிறகு போட்ட புரோகிராம்களும் டிரைவர்களும் போகும், நம் படங்களும் எழுத்துகளும் இருக்கும். முன்கூட்டியே அந்த வசதி ஆன் ஆகி இருந்தால்தான் இது நடக்கும்.

ஏழு: 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' போய் ரீஸ்டார்ட் கொடுத்து, 4 என்ற எண்ணை அழுத்தினால் சேஃப் மோடு. மிகத் தேவையான டிரைவர்களை மட்டும் வைத்துக்கொண்டு எழும். இதில் எழுந்துவிட்டால் கோளாறு பெரும்பாலும் புதிதாக வந்த ஒரு டிரைவரிலோ புரோகிராமிலோ இருக்கும். அதை நீக்கலாம்.

எட்டு: எதுவும் நடக்காவிட்டால் 'ரீசெட்'. அதில்கூட 'கீப் மை ஃபைல்ஸ்' என்று ஒரு வழி இருக்கிறது. நாம் போட்ட புரோகிராம்கள் போகும், ஃபைல்கள் தங்கும். ஆனால் ஏழாம் படியைத் தாண்டுவதற்கு முன் ஃபைல்களைக் காப்பி எடுத்துவிட வேண்டும். எப்படி என்று கேட்கிறீர்களா? இதோ.

எழாத லேப்டாப்பில் இருந்து காப்பி எடுக்க முடியுமா?

முடியும். நான் கண்ணால் பார்த்தது.

எங்கள் தெருவில் ஒரு அக்கா எம்.எஸ்ஸி. தாவரவியல் படித்தார். சுற்று வட்டாரக் குளங்களில் வளரும் செடிகளைப் பற்றி பிராஜெக்ட். இரண்டு வருஷம், மழைக்காலத்தில் ஒரு தடவை, வெயில் காலத்தில் ஒரு தடவை என்று போய்ப் போய் எடுத்த படங்கள். எல்லாம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு லேப்டாப்பில் இருந்தன. அதன் பேட்டரி செத்துப்போய், சார்ஜர் மாட்டினால்தான் ஓடும். ஒரு மழை நாளில் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது தெருவுக்கே கரண்ட் போய்விட்டது. அதற்குப் பிறகு நீலத் திரைதான். கடையில் காட்டினார். "ஃபார்மட்தாம்மா ஒரே வழி. உள்ளே இருக்கிறது போயிடும்" என்றார்களாம். பிராஜெக்ட் கொடுக்க நாலு நாள்தான் இருந்தது.

எங்கள் வீட்டுக்கு வந்து, "தம்பி, நீ கம்ப்யூட்டர் குரூப்தானே? ரிப்போர்ட்டைத் திரும்ப டைப் அடிச்சிடுவேன்டா. போன வருஷத்துக் குளத்தை நான் எங்கே போய் எடுப்பேன்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மறுநாள் அக்காவையும் லேப்டாப்பையும் நம் கம்ப்யூட்டர் சாரிடம் அழைத்துக்கொண்டு வந்தேன்.

சார் ரிப்பேரில் கை வைக்கவே இல்லை. "முதல்ல உள்ளே இருக்கிற ஆளை வெளியே கூட்டிட்டு வா. வீட்டை அப்புறம் கட்டிக்கலாம்" என்றார். லினக்ஸ் ஏற்றிய ஒரு பென்டிரைவை மாட்டினார். லேப்டாப்பை எழுப்பியவுடனே எஃப்-12 அழுத்தினார். சில கம்பெனி மெஷினில் எஃப்-9, சிலதில் எஸ்கேப். எதிலிருந்து எழுவது என்று கேட்கும் பட்டியல் வந்தது. பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தார். விண்டோஸைத் தொடாமலே லினக்ஸ் எழுந்தது. நிறுவாமல் சும்மா 'ட்ரை' என்பதை மட்டும் கொடுத்தார். டிஸ்க்கைத் திறந்தால் அக்காவின் ஃபோல்டர் அப்படியே இருந்தது. குளம், தாமரை, அல்லி, ஆகாயத்தாமரை, தேதி போட்டு ஒவ்வொன்றும்.

எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து, நாலைந்து படத்தை வேறு கணினியில் திறந்து சரி பார்த்த பிறகுதான் ரிப்பேர். 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' முடியவில்லை என்று சொல்லிவிட்டது. 'குவாலிட்டி அப்டேட்' நீக்கியதும் லேப்டாப் எழுந்தது. அக்கா பிராஜெக்ட்டைக் குறித்த நாளில் கொடுத்தார். பிறகு புது பேட்டரி போட்டு அதே அப்டேட்டை மறுபடி ஓட்டினார். ஒரு பிரச்சினையும் இல்லை. குற்றம் அப்டேட்டில் இல்லை, நடுவில் போன கரண்டில்தான் என்பது அப்போது உறுதியானது.

இந்த வழிக்கு ஒரு தடை உண்டு. இப்போது வரும் பல லேப்டாப்களில் டிஸ்க் முழுவதும் பிட்லாக்கர் பூட்டு போட்டிருக்கும். அதைத் திறக்க 48 இலக்க எண் வேண்டும். அப்டேட்டுக்குப் பிறகு திடீரென்று அந்த எண்ணைக் கேட்டு நிற்பதும் உண்டு. லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டிருந்தால், பெரும்பாலும் அந்த எண் கணக்கிலேயே பதிவாகியிருக்கும். வேறு போனில் அதே கணக்கில் நுழைந்து எடுக்கலாம். எண் இல்லாவிட்டால் யாராலும் திறக்க முடியாது. அதனால் இன்றைக்கே அதைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

உலகமே நின்ற ஒரு நாள்

2024 ஜூலை 19 அன்று இது உலக அளவில் நடந்தது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் கம்பெனி, விண்டோஸில் ஓடும் தன் மென்பொருளுக்கு ஒரு சின்ன அப்டேட் அனுப்பியது. நம் நேரப்படி காலை 9.39 மணிக்கு அனுப்பியதை 78 நிமிஷத்தில் திருத்திவிட்டார்கள். ஆனால் அதற்குள் அதை வாங்கிய கணினிகள் நீலத் திரையில் விழுந்தன. சுமார் 85 லட்சம் கணினிகள் என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகளில் வேலை தடைப்பட்டது. இந்தியாவில் சில விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். நம் சுவர் இதழ் மாதிரி!

தீர்வு என்ன தெரியுமா? சேஃப் மோடில் எழுப்பி, ஒரே ஒரு ஃபைலை அழித்துவிட்டு, மறுபடி எழுப்புவது. மேலே ஏழாவதாக நான் எழுதிய அதே வழி. எழாத கணினிக்கு நெட் வழியாகத் திருத்தம் அனுப்ப முடியாது என்பதால், பல இடங்களில் ஒவ்வொரு மெஷினாக ஆள் போய் உட்கார வேண்டியிருந்தது. பிட்லாக்கர் எண்ணைத் தேடி அலைந்தவர்களும் நிறைய.

அப்படியென்றால் அப்டேட்டே வேண்டாமா?

அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். 2017 மே 12 அன்று வானாக்ரை என்ற கெட்ட புரோகிராம் பரவி, 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அந்த வருஷம் மார்ச் மாதமே வந்துவிட்டது. இரண்டு மாதமாகப் போடாதவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். அப்டேட்டில் தடுமாறினால் ஒரு நாள் போகும். அப்டேட் போடாமல் மாட்டினால் எல்லாமே போகலாம். விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14 அன்றோடு நின்றுவிட்டது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

வெள்ளம் வருமுன் அணை போட

* பேட்டரி நிறைந்து, சார்ஜரும் மாட்டியிருக்கும்போது மட்டும் அப்டேட் போடுங்கள். மழையும் காற்றும் அடிக்கிற ராத்திரி வேண்டாம்.
* பரீட்சை, பிராஜெக்ட் கொடுக்கும் நாளுக்கு முந்தைய ராத்திரி வேண்டவே வேண்டாம். செட்டிங்ஸில் சில வாரம் தள்ளிப்போடும் வசதி இருக்கிறது.
* பயாஸ் அப்டேட் வந்தால் கூடுதல் கவனம். அது முதல் ஆளையே மாற்றுவது. நடுவில் கரண்ட் போனால் மீட்புத் திரைகூட வராமல் போகலாம்.
* முக்கியமான ஃபைல் மூன்று இடத்தில் இருக்கட்டும்: லேப்டாப்பில், பென்டிரைவில், ஆன்லைன் டிரைவில்.
* காலியான 8 ஜி.பி. பென்டிரைவில் விண்டோஸ் மீட்புக்கோ லினக்ஸுக்கோ ஒன்று தயார் செய்து பீரோவில் வையுங்கள். தயார் செய்யும்போது அதில் முன்னால் இருந்தது அழிந்துவிடும், ஜாக்கிரதை.
* வீடியோவில் யாரோ சொன்னார் என்று கறுப்புத் திரையில் கட்டளை டைப் செய்யாதீர்கள். ஒரு வரியில் டிஸ்க் முழுவதையும் காலி செய்யும் கட்டளைகள் இருக்கின்றன.
* கடைக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், "டேட்டாவை எடுத்துக் கொடுத்த பிறகுதான் ஃபார்மட்" என்று முதலிலேயே சொல்லி, ரசீதில் எழுதி வாங்குங்கள்.

இவ்வளவும் செய்தும் எழவில்லையென்றால், அல்லது உள்ளே டக் டக் என்று சத்தம் வந்தால், டிஸ்க்கே பழுதாகியிருக்கலாம். அப்போது திரும்பத் திரும்ப எழுப்பிப் பார்க்காமல் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு தடவை சுற்றும்போதும் அது இன்னும் கெடும்.

பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சொன்னது லேப்டாப்புக்கும் பொருந்தும். உங்கள் வீட்டில் பிட்லாக்கர் எண் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள் இன்று சாயங்காலமே பார்த்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் மதிய இடைவேளையில் கம்ப்யூட்டர் லேப் பக்கம் வாருங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.



பன்னிரண்டாம் வகுப்பு மாணவன்,
கணினி அறிவியல் பிரிவு